முதல் தடவை கல்ஃப் போகிறவர்களுக்கு: குமரியிலிருந்து புறப்படும் முன்னும் போய் இறங்கிய பின்னும்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஏஜென்சியில் உட்கார்ந்து "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு எண் வரும். துபாய் வேலை என்றால் 1,800 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். திர்ஹம் 23 ரூபாய் என்று போட்டு, மாதம் 41,400 என்று அன்று ராத்திரியே வீட்டில் கணக்குப் பேசி முடித்துவிடுவார்கள். கேட்க வேண்டியது வேறு கேள்வி: பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு?

இரண்டு ஆஃபர் லெட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மொத்தம் 1,800தான். ஒன்றில் பேசிக் 800, அலவன்ஸ் 1,000. மற்றதில் பேசிக் 1,500, அலவன்ஸ் 300. அமீரகச் சட்டப்படி ஓவர் டைமும் கிராஜுவிட்டியும் (வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடை) பேசிக்கை வைத்துத்தான் கணக்கு. பேசிக் 800 என்றால் ஒரு நாளுக்கு 26.67, ஒரு மணி நேரத்துக்கு 3.33, ஓவர் டைமுக்கு 25 சதவீதம் கூட்டினால் 4.17 திர்ஹம். பேசிக் 1,500 என்றால் அதே மணி நேரத்துக்கு 7.81. தினம் 2 மணி நேரம், மாதம் 26 நாள் ஓவர் டைம் பார்த்தால் முதல் ஆளுக்கு 217, இரண்டாம் ஆளுக்கு 406. கிராஜுவிட்டி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக். முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 560, இரண்டாம் ஆளுக்கு 1,050. இரண்டு ஆண்டு முடிந்து ஊருக்கு வரும்போது இருவருக்கும் இடையே சுமார் 5,500 திர்ஹம் வித்தியாசம். நம்ம காசுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். இருவரும் ஒரே கேம்ப்பில் ஒரே வேலைதான் பார்த்திருப்பார்கள்.

எனவே ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் பேசிக்கைத் தேடிப் பாருங்கள். அடுத்து ரூமும் சாப்பாடும் கம்பெனியுடையதா, இல்லை அலவன்ஸாக வருகிறதா என்று பாருங்கள். வேலை நேரம் எட்டா பத்தா, லீவு டிக்கெட் ஆண்டுக்கு ஒன்றா இரண்டு ஆண்டுக்கு ஒன்றா என்பதும் அதில் இருக்க வேண்டும். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் தமிழிலும் கிடைக்கும். "அரபியில்தான் இருக்கு தம்பி, கையெழுத்து மட்டும் போடு" என்று ஒருவர் சொன்னால், அவர் அதை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று அர்த்தம். கத்தார் என்றால் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் சட்டத்தில் இருக்கிறது: பேசிக் 1,000 ரியால், ரூம் கொடுக்காவிட்டால் அதற்கு 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300. இதற்குக் கீழே எழுதிய காகிதத்தைத் தொடவே வேண்டாம்.

ஏஜென்ட்டும் பணமும்

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். அதற்கான அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் ஏஜென்சி பெயரையோ லைசென்ஸ் எண்ணையோ தட்டினால், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். போர்டில் இருக்கும் பெயரும் தளத்தில் இருக்கும் பெயரும் எழுத்து மாறாமல் ஒத்துப்போக வேண்டும். "சென்னை கம்பெனிக்கு நாங்க பிராஞ்ச்" என்றால் சென்னைக்கே போன் போட்டுக் கேளுங்கள். ஊரில் பாதிப் பேர் ஏமாறுவது லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டிடம் இல்லை. அவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சப் ஏஜென்ட்டிடம், அதாவது மாமா மகன், பழைய கிளாஸ்மேட், பள்ளிக்கூடத்து சார் மாதிரியான தெரிந்த முகத்திடம்.

சேவைக் கட்டணமாக ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்லும் உச்சம் 30,000 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 35,400. அதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். பதில் "விசா காசு" என்று வரும். அமீரகச் சட்டப்படி விசா, டிக்கெட் உட்பட ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. கொடுப்பதை பேங்க் வழியாகக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கையில் கொடுத்த காசுக்குப் பின்னால் போலீஸ் ஸ்டேஷனில் பேச ஒன்றும் இருக்காது.

ஒன்றரை லட்சம் கேட்டு, அதை நூற்றுக்கு மூணு வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி மட்டும் 4,500. மாதம் 700 திர்ஹம் மிச்சம் பிடித்து 16,100 ரூபாயை அப்படியே கடனுக்கே கட்டினாலும் 11 மாதம் ஆகும். அந்த 11 மாதமும் வீட்டுக்கு ஒரு பைசா போகாது. முதல் சம்பளம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அது வரை வட்டியை யார் கட்டுவது என்பதை விமானம் ஏறும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நகையைக் கூட்டுறவு வங்கியில் வையுங்கள், வட்டிக்காரர் வீட்டில் வேண்டாம்.

காகிதங்கள்

பாஸ்போர்ட்டில் குமரிக்காரர்களுக்கு முதலில் சிக்குவது பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் இனிஷியல் இல்லாமல், ஞானஸ்நானச் சான்றிதழில் வேறொரு பெயர், வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் போவதற்கு 2022 நவம்பரில் அமீரகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே பாஸ்போர்ட்டுக்கும் வையுங்கள். பின்னால் டிப்ளமோவுக்கு அரசு முத்திரை வாங்கும் அட்டெஸ்டேஷனில் ஒரு எழுத்து மாறியதற்காக அஃபிடவிட் தேடி அலைய வேண்டாம். நம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

பத்தாம் வகுப்பு பாஸ் ஆகாதவர்கள் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடியேற்ற அனுமதி தேவை, என்று இருக்கும். அவர்கள் சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வாங்கியாக வேண்டும். அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். இந்தக் காசுக்கு இதைவிட நல்ல பாலிசி எங்கும் கிடைக்காது. பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியும் பழைய பாஸ்போர்ட்டில் இசிஆர் கிடந்தால் சான்றிதழைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். நர்ஸ்களுக்கு மட்டும் கதை வேறு. பட்டமே இருந்தாலும் இந்த 18 நாடுகளுக்குப் போக இமைகிரேட் வழிதான், 2015இல் வந்த விதி. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்து வைப்பது நல்லது. வீட்டு வேலைக்குப் போகும் இசிஆர் பெண்களுக்கு வயது 30 நிறைந்திருக்க வேண்டும்.

சான்றிதழ் அட்டெஸ்டேஷனில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. எந்த மாநிலம் சான்றிதழ் கொடுத்ததோ அந்த மாநிலம்தான் முதல் முத்திரை போடும். நாகர்கோவிலில் படித்திருந்தால் சென்னை. பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ படித்திருந்தால் கேரளம், அதாவது அந்த அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம். பத்தாம் வகுப்பு இங்கே, டிப்ளமோ அங்கே என்றால் இரண்டு வழி. அதன் பிறகு வெளியுறவு அமைச்சகம். ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவுதி ஆகிய நாடுகளுக்கு அந்த அமைச்சகம் போடும் அப்போஸ்டில் முத்திரையோடு வேலை முடியும். அமீரகம், கத்தார், குவைத் என்றால் தூதரக முத்திரையும் வேண்டும். அசல் சான்றிதழை ஏஜென்ட்டிடம் கொடுத்தால் கொடுத்த தேதி, சான்றிதழ் எண் எழுதிய ரசீது கையில் இருக்கட்டும். "ஃபைல்ல வச்சிருக்கோம்" என்று அசலைப் பிடித்து வைத்துப் பின்வாங்க விடாமல் செய்வது பழைய வித்தை.

மெடிக்கலை எல்லாரும் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். அதை முதலில் வையுங்கள். வளைகுடா நாடுகளுக்கான பரிசோதனையில் ஆளைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் நெஞ்சு எக்ஸ்ரேயும் ரத்தமும். சிறுவயதில் டிபி வந்து முழுசாகக் குணமாகியிருந்தாலும் நுரையீரலில் தழும்பு தெரிந்தால் அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி இருந்தாலும் அப்படியே. ஏஜென்சியில் ஒரு ரூபாய் கட்டும் முன் பக்கத்து லேபில் சில நூறு ரூபாய்க்கு எக்ஸ்ரேயும் ஹெபடைடிஸ் டெஸ்டும் எடுத்துப் பாருங்கள். கத்தாருக்கு மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து மூன்றும் சென்னையிலோ கொச்சியிலோ உள்ள கத்தார் விசா சென்டரிலேயே முடியும். சவுதிக்குப் போகும் பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏசி மெக்கானிக் ஆகியோருக்குத் தனியாகத் தொழில் திறன் தேர்வு உண்டு, செய்முறையும் சேர்த்து. ஐடிஐ முடித்து நாலு வருஷம் கடையில் உட்கார்ந்தவர்கள் ஒரு மாதமாவது கையைப் பழக்கிவிட்டுப் போங்கள்.

விசாவின் பெயர் என்ன

விசா காகிதத்தில் தொழில் என்று ஒரு வரி இருக்கும். அதுதான் உங்கள் தலையெழுத்து. சூப்பர்மார்க்கெட் வேலை என்று சொல்லி வீட்டு டிரைவர் விசா எடுத்துக் கொடுப்பார்கள். சவுதியில் வீட்டுப் பணியாளர் பொதுவான தொழிலாளர் சட்டத்துக்குள் வரமாட்டார். குவைத்தில் ஆர்ட்டிகிள் 18 கம்பெனி விசா, ஆர்ட்டிகிள் 20 வீட்டு விசா. 20இல் போனவர் கடையில் நின்று பிடிபட்டால் நேராக டிப்போர்ட்டேஷன். ஊரில் பெருமையாகச் சொல்லும் "ஃப்ரீ விசா" என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. கபீலுக்கு, அதாவது விசா எடுத்துக் கொடுத்த ஸ்பான்சருக்கு, ஆண்டுதோறும் காசு கட்டிவிட்டு வெளியே கிடைக்கிற வேலையைப் பார்ப்பதற்கு நாம் வைத்த பெயர் அது. கபீலுக்கு மனம் மாறினால் சவுதியில் ஹுரூப் போட்டுவிடுவார், அதாவது ஓடிப்போனவன் என்று புகார். அப்புறம் இக்காமா (தங்கும் அனுமதி அட்டை) இருந்தும் இல்லாத மாதிரிதான்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதும் ஒரு பேச்சு. விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். இசிஆர் பாஸ்போர்ட்காரரைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு.

இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகளுக்கு இன்னொரு கண்ணி. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், டிக்கெட் அவர்களே போடுகிறார்கள் என்று டெலிகிராமில் வரும். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்கோ, லாவோஸுக்கோ கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலையில் உட்கார வைக்கிறார்கள். 2022 முதல் இந்திய அரசு இதுபற்றி எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. சம்பளம் வாங்கும் நாடும் விசா கொடுக்கும் நாடும் ஒன்றா என்று பாருங்கள். இன்டர்வியூ என்ற பெயரில் டைப்பிங் வேகம் மட்டும் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். கப்பல் வேலை என்று காசு கேட்பவரிடம் ஆர்பிஎஸ்எல் (கப்பலுக்கு ஆள் எடுக்கும் லைசென்ஸ்) எண் கேளுங்கள், கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் தளத்தில் சரிபாருங்கள்.

கடலுக்குப் போகிறவர்கள்

தூத்தூர், வள்ளவிளை, குளச்சல் பக்கமிருந்து பஹ்ரைன், கத்தார், சவுதி, ஈரான் போகும் மீனவப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன பேசிக் கணக்கு பெரும்பாலும் பொருந்தாது. அங்கே பங்குதான். உதாரணத்துக்கு ஒரு ட்ரிப்பில் 6,000 ரியாலுக்கு மீன் போனது, டீசல், ஐஸ், சாப்பாடு 2,400 கழித்தால் மீதி 3,600, பாதி முதலாளிக்கு, மீதி 1,800 ஆறு பேருக்கு 300 வீதம் என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கும். சண்டை வருவது எழுதாத இடத்தில்தான். வலை கிழிந்தால் யார் கணக்கு? இன்ஜின் பழுதானால்? காற்றடித்து நாலு நாள் கரையில் கிடந்தால் சாப்பாட்டுச் செலவு அடுத்த ட்ரிப்பில் கழியுமா? மீன்பிடித் தடைக் காலத்தில் என்ன தருவார்? இக்காமா புதுப்பிக்கும் செலவு யாருடையது? இந்த ஐந்துக்கும் பதிலை வாட்ஸ்அப்பில் முதலாளியின் குரலிலேயே வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சைவிட அது மேல். ட்ரிப்புக்கு ட்ரிப் விற்ற தொகை, கழித்த தொகை, பங்கு மூன்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

எல்லை விஷயம் இதைவிடப் பெரிது. வளைகுடாக் கடல் நம்ம அரபிக் கடல் போலப் பரந்தது இல்லை. பஹ்ரைன், கத்தார், சவுதி, ஈரான் எல்லைகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. மீன் அந்தப் பக்கம் இருக்கும், முதலாளி "போ" என்பார், பிடிபட்டால் ஜெயிலுக்குப் போவது படகை ஓட்டும் ஸ்ராங்கும் கூட இருந்தவர்களும். படகில் ஏறும் முதல் நாளே ஜிபிஎஸ்ஸில் எல்லைப் புள்ளிகளைக் குறித்து அலாரம் வைக்கச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் ஓடாத படகில் ராத்திரி போகாதீர்கள்.

படகின் பதிவு எண், முதலாளியின் முழுப் பெயர், துறைமுகம், கூட இருக்கும் இரண்டு பேரின் வீட்டு நம்பர் ஆகியவற்றை அம்மாவிடமோ அண்ணனிடமோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பிடிபட்ட செய்தி வந்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மீன்வளத் துறையிலும் கொடுக்கும் மனுவில் இவைதான் முதலில் கேட்கப்படும். படகு நம்பர் தெரியாமல் "பஹ்ரைன்ல எங்கயோ" என்று எழுதிய மனு தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஆளைத் தேடவே நாள் போய்விடும். 2020இல் கொரோனா சமயத்தில் ஈரானில் மாட்டிய மீனவர்களை ஏற்றிக்கொண்டு ஐஎன்எஸ் ஜலாஷ்வா ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. அப்படிக் கப்பல் வருவது அபூர்வம், அதை நம்பி யாரும் போக முடியாது.

பெட்டியும் புறப்பாடும்

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், மெடிக்கல் ஆகியவற்றுக்கு மூன்று நகல்: ஒன்று கைப்பையில், ஒன்று வீட்டு அலமாரியில், ஒன்று மெயிலில். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ் தாராளமாகக் கொண்டுபோகலாம். அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அமீரகம், சவுதி, கத்தார் உட்பட வளைகுடாவில் கசகசா தடை செய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. குருமாப் பொடிக்காக ஜெயிலுக்குப் போக வேண்டாம். டிராமடால், கோடின் கலந்த வலி மருந்தும் இருமல் மருந்தும் அதே ரகம். தினம் சாப்பிடும் மாத்திரை என்றால் மருத்துவர் சீட்டோடு, அங்கே அதற்கு முன் அனுமதி வேண்டுமா என்றும் பார்த்துவிட்டு எடுங்கள். தெருக்காரர் தரும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் 70 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் மார்த்தாண்டமும் களியக்காவிளையும் நெய்யாற்றின்கரையும் நடுவில் இருக்கின்றன. விமான நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே வீட்டை விடுங்கள். வழியனுப்ப வேனில் இருபது பேர் வந்தால் ஏழு மணி நேரம்.

இறங்கிய பின்

முதல் இரண்டு மாதம் கையில் 500 திர்ஹமாவது இருக்க வேண்டும். மெடிக்கல், அடையாள அட்டை, பேங்க் கார்டு வரும் வரை அட்வான்ஸ் கேட்டால்கூடக் கிடைக்காத கம்பெனிகள் உண்டு. அமீரகத்தில் சம்பளம் பேங்க் வழியாக, அரசு கண்காணிக்கும் முறையில்தான் வர வேண்டும். குறித்த தேதியிலிருந்து 15 நாள் தாண்டினால் தாமதம் என்று கணக்கு. பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பது அங்கே சட்டப்படித் தவறு. புரொபேஷன் ஆறு மாதத்துக்கு மேல் போகாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது.

ஊரில் உள்ள பழைய சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வரவுக்கான கணக்கு) மாற்றி, புதிதாக ஒரு என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கானது) திறந்து, பணத்தை அதற்கு அனுப்புங்கள். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. மாதாமாதம் வீட்டுக்குத் தேவையானதை மட்டும் அங்கிருந்து மாற்றிவிடலாம். உண்டியலில், அதாவது பேங்க் இல்லாமல் ஆள் வழியாக அனுப்பும் ஹவாலாவில், நாலு காசு கூடக் கிடைக்கும் என்பது உண்மைதான். நடுவில் போனால் கேட்க ஆள் இல்லை என்பதும் உண்மை, சட்டமும் நம் பக்கம் நிற்காது.

சம்பளம் வரவில்லை, அடிக்கிறார்கள், பாஸ்போர்ட் தரவில்லை என்றால் கேம்ப்பை விட்டு ஓடுவது கடைசி வழி. ஓடினால் புகார் உங்கள் மேல் திரும்பும். முதலில் அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார், கூடவே 'மதத்' (MADAD) என்ற தளத்தில் பதிவு. அது வெளியுறவு அமைச்சகத்தின் குறைதீர் தளம், வீட்டிலிருந்தே யாராவது போடலாம். அமீரகத்தில் 800 46342 என்ற இலவச எண்ணில் இந்தியத் தூதரகத்தின் உதவி மையம் கிடைக்கும்.

வேலையை விட்டு வரும்போது செட்டில்மென்ட் காகிதம் நீட்டுவார்கள். அரபியில், கீழே "எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது" என்ற வரியோடு. அமீரகச் சட்டப்படி வேலை முடிந்த 14 நாளுக்குள் பாக்கி முழுவதும் தர வேண்டும். பேசிக், சேர்ந்த தேதி, எடுக்காத லீவு மூன்றையும் வைத்து நீங்களே ஒரு கணக்குப் போட்டுக் கையில் வைத்திருங்கள். பணம் கணக்கில் ஏறிய மெசேஜ் போனில் வந்த பிறகு பேனாவைத் திறங்கள்.